குளிர்க்கடலில் ஓர் உயிர்க்கவசம்

1983-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் அதிகாலையில், அமெரிக்காவின் வர்ஜீனியா கரைக்கு அப்பால் 'மரைன் எலெக்ட்ரிக்' என்னும் நிலக்கரிக் கப்பல் கவிழ்ந்து மூழ்கியபோது, அதிலிருந்த 34 பேரில் 31 பேர் மாண்டனர். மிதவைச் சட்டை அணிந்து நீரின்மேல் மிதந்தவர்களையும் குளிர் கொன்றது. காற்றைக் காட்டிலும் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் தேகத்தின் உஷ்ணத்தைக் கவர்ந்துவிடுமாதலால், மிதப்பது மட்டும் பிராணனைக் காப்பதில்லை. இத்துயரத்தின் பின்னரே, குளிர்க்கடல்களில் செல்லும் அமெரிக்கக் கப்பல்களில் மாலுமிகளுக்கு 'இம்மர்ஷன் சூட்' கட்டாயமாயிற்று.

தலைமுதல் உள்ளங்கால்வரை மூடி முகத்தை மட்டும் திறந்துவைக்கும் இவ்வுடையில், குளிர்தாங்கும் வகையை அணிந்தவர், பனிக்கட்டி உருகும் நிலையிலுள்ள நீரில் 6 மணி நேரம் கிடந்தாலும், அவருடைய உடலின் உள்வெப்பம் 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் குறையலாகாது என்பது சர்வதேச விதி. பிறர் உதவியின்றி 2 நிமிஷத்துக்குள் அதை அணிய முடியவும் வேண்டும்.

ஆயினும், புதிதாக இருந்தபோது அளித்த அத்தாட்சி, வெப்பமும் ஈரமும் நிறைந்த அலமாரியில் ஆண்டுக்கணக்கில் மடிந்து கிடந்த பின்னரும் செல்லும் என்று நம்புவது பெரும் அபாயம். நியோப்ரீன் ரப்பர் கிழியாதிருக்கையிலேயே, தையல்களை ஒட்டிய பசை காய்ந்து விலகிவிடக்கூடும். அந்த நூலிழைப் பிளவு கண்ணுக்குப் புலப்படாது. ஆகவேதான், மூன்றாண்டுக்கு ஒரு முறையேனும், பத்தாண்டு கடந்தவற்றுக்கு இன்னும் அடிக்கடியும், உடையின் திறப்புகளை அடைத்து, வாயுமண்டல அழுத்தத்தில் சுமார் நூற்றில் ஒரு பங்கே அதிகமாகும்படி மெல்லக் காற்றேற்றி, ஒவ்வொரு தையலின்மீதும் சோப்புநீரைத் தடவிச் சோதிக்கிறார்கள். சைக்கிள் கடைக்காரர் ட்யூபைத் தொட்டிநீரில் அமிழ்த்திக் குமிழி தேடும் அதே தத்துவந்தான் இது. நுரை கிளம்பும் இடங்களைக் குறித்துக்கொண்டு, பழுதுபார்க்கத் தகுதிபெற்ற நிலையத்துக்கு உடையை அனுப்பிவிடுவது முறை.

இடைப்பட்ட காலத்துக்கு, மாதந்தோறும் கப்பலாட்களே செய்யும் பரிசோதனை உண்டு. சுத்தமான சமதளத்தில் உடையை விரித்து, உள்ளும் புறமும் உலர்ந்துள்ளதா, விளக்கின் பாட்டரி காலாவதியாகிவிட்டதா, ஊதல் தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இவற்றுள் மிகுந்த கவனத்துக்குரியது ஜிப்பே. அதை மேலும் கீழும் பலமுறை இழுத்து, தயாரிப்பாளர் கூறிய மெழுகை இருபுறமும் பூச வேண்டும். கிடைத்த எண்ணெயைத் தடவிவிடுதல் கூடாது. பின்பு ஜிப்பை முழுவதும் திறந்த நிலையிலேயே உடையைப் பையில் வைக்க வேண்டும். அபாயமணி ஒலிக்கையில், குளிரிலும் நடுக்கத்திலும் விறைத்த விரல்களுக்கு அதைத் திறக்கும் வேலை இராது.