கடலில் வழி காட்டுவது கோபுரமா, ஜி.பி.எஸ்ஸா?

பக்கத்து ஊர் கல்யாண மண்டபத்துக்குப் போகவே நாம் செல்போனில் மேப் பார்க்கிறோம். பெயர்ப்பலகையே இல்லாத கடலில், எந்தக் கருவியும் இல்லாமல் மீன் இருக்கும் இடத்துக்குப் போய்த் திரும்பினார்கள் கன்னியாகுமரிக் கட்டுமரக்காரர்கள். எப்படி?

கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை நேர்க்கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். முன்னால் சர்ச் கோபுரம், அதன் பின்னால் ஒரு மலை முகடு. இதேபோல் இன்னொரு பக்கம் இன்னொரு ஜோடி. இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தில்தான், மீன்கள் கூடும் கடலடிப் பாறையான ‘பார்’ இருக்கும். இரவில் நட்சத்திரங்கள் துணை. கச்சான், கொண்டல் என்று வீசும் காற்றுக்கெல்லாம் பெயர் உண்டு.

இன்று அந்தப் பாரை ஜி.பி.எஸ்ஸில் ஒருமுறை பதிந்தால் போதும். எக்கோ சவுண்டர் கடலின் ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் திரையில் காட்டுகிறது. கடல்நீரின் வெப்பத்தையும் நிறத்தையும் செயற்கைக்கோள் மூலம் கணித்து, மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளை ஹைதராபாத்தில் உள்ள ‘இன்காய்ஸ்’ மையம் அறிவிக்கிறது. தேடி அலையும் நேரமும் டீசலும் மிச்சம்.

உயிர் என்று வந்தால் கருவியின் அருமை இன்னும் புரியும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் தாக்கியபோது, ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையின் வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. பல வீடுகளில் போனவர்கள் திரும்பவே இல்லை. இப்போது இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர், செயற்கைக்கோள் வழியே நடுக்கடலுக்கும் தகவல் அனுப்புகிறது. இதை யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால், வலை விஷயம் வேறு. தூண்டில் ஒவ்வொன்றாகத்தான் பிடிக்கும். கண் பெரிதான வலையில் குஞ்சுகள் தப்பிவிடும். சுருக்குமடி வலையோ கூட்டத்தையே வளைத்து, அடியைச் சுருக்குப்பை போல இழுத்து மூடிவிடுகிறது. நமக்கு ஒன்றும் மிஞ்சாது என்பதுதான் நாட்டுப்படகுக்காரர்களின் பயம். தமிழக அரசு 2000-ல் இதைத் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு இடைக்கால அனுமதி தந்தது.

ஆக, எல்லாக் கருவியும் ஒன்றல்ல. ஆளைக் கரை சேர்க்கும் கருவி எவ்வளவு புதிதானாலும் வரட்டும். மீனை அள்ளும் கருவிக்குத்தான் அளவு வேண்டும்.

ஜி.பி.எஸ். உள்ள படகில் போகும் பிள்ளைக்கும் அப்பா அந்தக் கோபுரத்தையும் மலையையும் காட்டிக்கொடுப்பது நல்லது. உப்புத் தண்ணீர் பட்டால் கருவி நின்றுவிடும். மலை அங்கேயேதான் இருக்கும்!