விரலுக்கும் தந்திக்கும் நடுவே

வீணை வாசிப்பவரின் இடது கை விரல், மீட்டு விழுந்த பிறகும் தந்தியை விடுவதில்லை. இழுக்கும், வழுக்கும், நடுங்கும்; கமகம் பிறப்பது அங்கேதான். பியானோக்காரருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அவருடைய விரல் தந்தியைத் தொடுவதே இல்லை. இன்னும் சரியாகச் சொன்னால், நாதம் எழும் கணத்தில் விரலுக்கும் தந்திக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது.

ஒரு கட்டையை அழுத்தினால் அது ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கீழே இறங்கும். மறுமுனையில் உள்ள நெம்புகோல்கள், கம்பளி சுற்றிய ஒரு சிறு சுத்தியலை விரலின் வேகத்தைப் போல ஐந்து மடங்கு வேகத்தில் தந்தியை நோக்கி எறியும். தந்தியைத் தொட ஓரிரு மில்லிமீட்டர் இருக்கும்போது, தள்ளிய நெம்புகோல் சட்டென்று விலகிக்கொள்ளும். மிச்சத் தூரத்தைச் சுத்தியல் தனியாகவே கடக்கும், கவணை விட்டுப் போன கல்லைப் போல. தந்தியோடு அது உறவாடுவது சில மில்லி விநாடிகள்; உடனே திரும்பி விழுந்துவிடும். நெம்புகோல் விலகாவிட்டால் சுத்தியல் தந்தியை அழுத்திக்கொண்டு நின்று, தான் எழுப்பிய ஒலியைத் தானே கொன்றுவிடும். 1700ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் பார்த்தோலொமியோ கிறிஸ்தோபோரி கண்டுபிடித்தது இந்த விலகலைத்தான்.

அப்படியென்றால் வாசிப்பவர் கையில் மிஞ்சுவது என்ன? எப்போது எறிவது, எவ்வளவு வேகமாக எறிவது, எப்போது கட்டையை விடுவது. பௌதிகவியலாளர் ஜேம்ஸ் ஜீன்ஸ் 1937இல் வெளியிட்ட நூலில், சுத்தியலின் வேகம் ஒன்றாக இருந்தால் கட்டையை அழுத்தியது மேதையின் விரலா, குடையின் நுனியா என்பது ஒலிக்குத் தெரியாது என்ற கட்சியில் நின்றார். பியானோக்காரர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? பின்னாளில் வியன்னா ஆய்வாளர் வெர்னர் கோபலும் சகாக்களும் இதை நுணுகிப் பார்த்தார்கள். விரல் மேலிருந்து வந்து கட்டையில் மோதினால், நாதத்துக்குச் சற்று முன்னரே ‘டக்’ என்று ஒரு மெல்லிய மரச்சத்தம் கேட்கிறது. கட்டையிலேயே விரலை வைத்து அழுத்தினால் அது இல்லை. கூர்ந்த காது பேதம் கண்டது அந்தச் சத்தத்தால்தான். ஜீன்ஸ் முக்கால்வாசி சரி என்பது என் கட்சி.

கொழும்பில் இந்தக் கலையைப் பேசினால் லயனல் வென்ட் பெயரைத் தாண்டிப் போக முடியாது. 1900இல் பறங்கியர் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் உயர் நீதிமன்ற நீதியரசர். சட்டம் படிக்க லண்டன் போன மகன், ராயல் அகாடமியில் ஒஸ்கார் பெரிங்கரிடம் பியானோவும் படித்தார். 1924இல் ஊர் திரும்பியபின் வழக்குக் கட்டுகளை ஒதுக்கிவிட்டுக் கச்சேரி மேடைக்குப் போனார். பிறகு கமெராவும் கையில் ஒட்டிக்கொண்டது. 1929, 30இல் சிலி நாட்டுக் கொன்சலாக இருந்த பாப்லோ நெரூதா வெள்ளவத்தைக் கடலோரத்தில் ஒரு சிறு வீட்டில் தனித்துக் கிடந்தபோது, வாராவாரம் ஒரு மூட்டை புத்தகத்தைச் சைக்கிள்காரரிடம் கொடுத்தனுப்பியவர் இந்த வென்ட்தான். நெரூதா தம் நினைவுக் குறிப்புகளில் அதை நன்றியோடு எழுதியிருக்கிறார்.

வென்ட் இருட்டறையில் செய்த வேலைகளில் ஒன்று, அச்சுத்தாளில் உருவம் பாதி ஏறிக்கொண்டிருக்கையில் அதன்மீது ஒரு கணம் வெளிச்சத்தைப் பாய்ச்சுவது. வெள்ளையாக இருக்கவேண்டிய இடங்கள் கறுக்கத் தொடங்கும். இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் ஓரத்தில் மட்டும், பக்கத்துப் பகுதியிலிருந்து கசியும் புரோமைட்டு உருவேற்றத்தைத் தடுக்க, பென்சிலால் வரைந்தாற்போல ஒரு வெள்ளைக் கோடு விழும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் படம் பாழ். எறிந்த சுத்தியலைத் திரும்பக் கூப்பிட முடியாததைப் போலத்தான் இதுவும். பியானோ பழகிய ஒருவருக்கு இந்த வித்தை பிடித்துப்போனதில் எனக்கு வியப்பில்லை.

சினிமாவும் அவரை விடவில்லை. பாசில் ரைட் 1934இல் இயக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படத்தில் கேட்கும் குரல் வென்ட்டினுடையது. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் வரிகளை அவர் வாசிக்கிறார். காட்சிகள் இலங்கையில் எடுத்தவை. ஒலி லண்டனில் சேர்த்தது.

அந்தக் காலத்து 35 மில்லிமீட்டர் சுருளில் குரல் ஒளியாகத்தான் பதிந்திருந்தது. படச்சட்டங்களின் ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டை. அதன் அகலமோ கருமையோ குரலுக்கேற்ப ஏறி இறங்கும். விளக்கொளி அதை ஊடுருவி ஒளிமின்கலத்தில் விழும்போது மின்சாரமாகி, ஒலிபெருக்கியில் குரலாகும். வேடிக்கை என்னவென்றால், ஒரு சட்டத்துக்குரிய ஒலி அந்தச் சட்டத்தின் பக்கத்தில் இராது. இருபது சட்டங்கள், அதாவது 38 சென்டிமீட்டர் அளவுக்கு முன்னால் இருக்கும். விளக்கின் முன் சுருள் விநாடிக்கு 24 தடவை நின்று நின்று நகரவேண்டும். ஒலியைப் படிக்கும் இடத்திலோ தடங்கலின்றி ஓடவேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க வழியில்லை. கொழும்பின் சவோய், கொட்டாஞ்சேனை செல்லமஹால் திரையரங்குகளில் சுருள் ஓடிய காலத்தில், கதாநாயகனின் வாயசைவும் வசனமும் இப்படி முழ நீளத்துக்கும் சற்றுக் குறைந்த இடைவெளியில் ஓடித்தான் திரையில் ஒன்றுகூடின.

வென்ட் 1944 டிசம்பரில், 44 வயதில் காலமானார். கில்ட்ஃபோர்ட் கிரசென்ட்டில் அவர் வீடிருந்த இடத்தில் 1953இல் திறந்த அரங்கு அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

கொழும்பில் பியானோ வைத்திருப்பவர்களைக் கேட்டால், கஷ்டமானது வாசிப்பதல்ல, காப்பாற்றுவதுதான் என்பார்கள். இருநூறுக்கு மேற்பட்ட உருக்குத் தந்திகள், 15 டன்னுக்கு மேற்பட்ட மொத்த இழுவிசையில் வார்ப்பிரும்புச் சட்டத்தில் நிற்கின்றன. அடியில் உள்ள ஒலிப்பலகையோ ஸ்ப்ரூஸ் மரம். காற்றில் ஈரம் ஏறினால் அது நாருக்குக் குறுக்கே உப்பி மேலே வளையும். தந்திகள் இறுகும், சுருதி ஏறும். எல்லாம் ஒரே அளவில் ஏறினாலாவது சமாளிக்கலாம். நடுக்கட்டைகளில்தான் அதிகம் ஏறும். வெள்ளவத்தையில் உப்புக்காற்று வேறு: உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு தந்தியைத் துருவாக்கும். பெட்டிக்குள் ஒரு சிறு மின்குமிழை எரியவிட்டு ஈரத்தை விரட்டுவது பழைய கைவைத்தியம்.

கச்சேரி நாளில் சிக்கல் கூடும். மேடை விளக்கின் சூட்டில் தந்திகள் நிமிடக்கணக்கில் நீண்டு சுருதியை இறக்கும்; ஒலிப்பலகையோ மணிக்கணக்கில்தான் ஈரம் குடித்து அதை ஏற்றும். அதனால் கவனமுள்ள சுருதிக்காரர், ஏசியையும் விளக்குகளையும் கச்சேரிக்கு எப்படி இருக்குமோ அப்படியே வெகுநேரம் ஓடவிட்ட பிறகுதான் சாவியைக் கையில் எடுப்பார்.