கோட்டாற்று வட்டாரத்தில் தோன்றும் புதுப் பறவைகளை இனங்கண்டறியும் முறை

நாஞ்சில் நாட்டில் கும்பப்பூச் சாகுபடி தொடங்கும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில், கோட்டாற்றையும் அதனை அடுத்த சுசீந்திரம், தேரூர் முதலிய ஊர்களையும் சார்ந்த விளைகளிலும் ஏலாக்களிலும் குளங்களிலும், முன்பு கண்டறியாத பறவைகள் பல வந்து தங்குவது வழக்கம். அவற்றைக் காணும் குடியானவர், இவை பயிருக்கு நன்மை செய்வனவோ தீமை செய்வனவோ என்று ஐயுறுகின்றனர். ஐயம் தீருமுன்னரே அவற்றை விரட்டுவோரும், கண்ணி வைப்போரும், விஷங் கலந்த நெல்லைத் தூவுவோரும் உண்டு. இவ்வாறு செய்வதனால் பெரும்பாலும் நெல்லைத் தின்னும் பறவை தப்பிவிடுகிறது. புழுவைத் தின்னும் பறவை மடிகிறது. நஷ்டம் நிலமுடையவருக்கே சேருகிறது. ஆகையால், ஒரு பறவையைப் பற்றி முடிவு செய்யுமுன் அது இன்னதென்று அறிந்துகொள்ளுதல் சாகுபடி வேலைகளுள் ஒன்றாகவே கருதத்தக்கது.

வருகையின் காலம்

வடக்கே சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் இமயமலைச் சாரலிலும் குளிர் மிகும்போது, அங்குள்ள பறவைகள் இரை தேடித் தெற்கு நோக்கி வருகின்றன. இந்தியாவின் தென்கோடியில் நிலம் முடிந்துவிடுவதால், குமரி முனையை அடுத்த குளங்களும் காயல்களும் உப்பளங்களும் அவற்றுட் பலவற்றிற்குத் தங்குமிடமாக அமைகின்றன. சுசீந்திரம் - தேரூர் நீர்நிலைகளும், இராஜாக்கமங்கலத்தை அடுத்த வேம்பனூர்க் குளமும் 2022ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. முன்னதன் பரப்பு சுமார் 94 ஹெக்டேர். பின்னதன் பரப்பு சுமார் 20 ஹெக்டேர். இவை பாசனத்திற்காக மனிதர் வெட்டிய குளங்களே என்பது விவசாயிகள் பெருமிதங் கொள்ளத்தக்க செய்தியாகும்.

இவ்விருந்தினர் ஆவணி, புரட்டாசி மாதங்கள் முதற்கொண்டு வரத் தொடங்கிப் பங்குனி, சித்திரையில் திரும்பிவிடுகின்றனர். இதிலிருந்து ஓர் எளிய விதியைப் பெறலாம். சித்திரை, வைகாசியில் தொடங்கி ஆவணி, புரட்டாசியில் அறுவடையாகும் கன்னிப்பூப் பயிரில் பறவைகளாற் சேதம் உண்டானால், அக்குற்றம் பெரும்பாலும் உள்ளூர்ப் பறவைகளையே சாரும். கும்பப்பூவில் மட்டுமே வந்த பறவையா, இருந்த பறவையா என்னும் கேள்வி எழுகிறது. அப்பொழுதும் கீழே கூறப்படும் அடையாளங்களைக் கொண்டு விடை காண்பது கடினமன்று.

பார்க்க வேண்டிய அடையாளங்கள்

நாஞ்சில் நாடு முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அந்தச் சமஸ்தானத்திலும் கொச்சியிலும் உள்ள பறவைகளை 1933ஆம் ஆண்டில் ஆராய்ந்தவர் டாக்டர் சாலிம் அலி. அவர் 1941இல் வெளியிட்ட இந்தியப் பறவைகளைப் பற்றிய நூலில், எவரும் அறிந்த சில பறவைகளை அளவுகோலாக வைத்து மற்றவற்றின் பருமனைக் குறித்தார். இம்முறை நமது குடியானவருக்கும் மிகவும் ஏற்றது. புதிய பறவை சிட்டுக்குருவி அளவா, கொண்டைக்குருவி அளவா, மைனா அளவா, காகம் அளவா, பருந்து அளவா என்று முதலில் தீர்மானித்தல் வேண்டும். நிறத்தை முதலில் நோக்குவோர் ஏமாறுவர்; ஏனெனில் பல பறவைகளில் ஆணும் பெண்ணும் குஞ்சும் வெவ்வேறு நிறமுடையன. வெயிலை எதிர்நோக்கிப் பார்த்தால் எந்தப் பறவையும் கறுப்பாகவே தோன்றும்.

இரண்டாவதாக அலகை நோக்குதல் வேண்டும். பறவையின் உணவைக் காட்டிக்கொடுப்பது அலகே. குட்டையாயும் தடித்தும் கூம்பிய அலகு தானியம் உடைப்பது. மெல்லிய கூரிய அலகு பூச்சி பிடிப்பது. கொக்கிபோல் வளைந்த அலகு ஊன் கிழிப்பது. தட்டையான அலகு சேற்று நீரை அரித்து விதையும் புழுவும் எடுப்பது. நீண்ட மெல்லிய அலகு சேற்றுக்குள் துழாவிப் புழு எடுப்பது. ஈட்டி போன்ற அலகு மீன் குத்துவது. மூன்றாவதாகக் காலின் நீளம், வாலின் வடிவம், நடையா தத்தலா என்பது, எந்த இடத்தில் எந்த நேரத்தில் இரை தேடுகிறது என்பது, அதன் குரல் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் குறித்தபின் நிறத்தை எழுதினால் தவறு நேர்வது அரிது.

வீட்டுத் தோட்டத்தில்

காக்கைக்குச் சோறிடுவதும், நிறைபுத்தரிசி நாளில் கட்டிய கதிரைக் குருவிகள் கொத்த விட்டுவைப்பதும் இந்நாட்டில் நெடுங்காலமாக உள்ள வழக்கங்கள். ஆயினும் சோற்றுக்கும் தானியத்துக்கும் வருவன காகம், மைனா, சிட்டுக்குருவி, தவிட்டுக்குருவி போன்ற பழகிய பறவைகளே. தொலைவிலிருந்து தோட்டங்களுக்கு வருவன பெரும்பாலும் பூச்சி தின்பவை. அவை தானியத் தட்டை நாடுவதில்லை. அவற்றைக் காண விரும்புவோர் நிழலில் ஓர் அகன்ற மண்தட்டை வைத்து, இரண்டு அங்குல ஆழத்திற்கு மேற்படாமல் நீர் ஊற்றி, நாள்தோறும் மாற்றி வருதல் போதும். பூனை பதுங்குதற்குரிய புதர் அருகில் இருத்தலாகாது. உதிர்ந்த இலைகளை முழுவதும் கூட்டி எரிக்காமல் ஒரு மூலையில் விட்டுவைத்தல் நலம்.

ஐப்பசி மாதத்தில் சில வேளைகளில் இரவில் விளக்கொளியைக் கண்டு வீட்டிற்குள் புகுந்தோ, சுவரில் மோதியோ விழுந்து கிடக்கும் மைனா அளவுள்ள பறவை ஒன்று உண்டு. அதன் முதுகு பச்சை, சிறகில் நீலம், அடிவயிற்றில் வாலின் கீழே செந்நிறம், கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, வால் மிகக் குட்டை. இதுவே ஆறுமணிக் குருவி. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கூவுவதால் இப்பெயர் பெற்றது. வடநாட்டிலிருந்து வரும் இப்பறவை சருகைப் புரட்டிப் புழுவும் பூச்சியும் தின்பது. களைத்து விழுந்ததைக் கூண்டில் அடைக்காமல், காற்றுப் புகும் பெட்டியில் இருட்டாக வைத்து, விடிந்ததும் மரநிழலில் விட்டுவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

தென்னந்தோப்பிலும் வெற்றிலைக் கொடிக்காலிலும் தரையில் நடந்து திரியும் சிட்டுக்குருவி அளவுள்ள மெலிந்த பறவை கொடிக்கால் வாலாட்டி. மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள் காணப்படும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலுங்கீழுமாக ஆட்ட, இஃது ஒன்றே பக்கவாட்டில் அசைக்கும். இதுவும் பூச்சி தின்பதே.

மாமரத்தில் மஞ்சள் நிறப் பறவையைக் கண்டால் அதன் தலையை நோக்குக. தலை முழுவதும் கறுப்பாயின் அஃது உள்ளூரிலேயே வாழும் கருந்தலை மாங்குயில். தலை மஞ்சளாகவும் கண்ணருகில் மட்டும் கறுப்புக் கோடும் இருப்பின், அது பனிக்காலத்தில் வரும் மாங்குயில். பழங்களோடு கம்பளிப்பூச்சிகளையும் இரண்டும் தின்னும். வெள்ளையாகவோ செம்பழுப்பாகவோ உடலும், கருங்கொண்டையும், நாடா போன்ற நீண்ட வாலும் உடையது வேதிவால் குருவி. இது பறந்தபடியே ஈக்களைப் பிடிப்பது. வேலியில் ஒரே கொம்பில் நாள்தோறும் அமர்ந்து கரகரவென்று கத்துவதும், கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி அணிந்ததுபோல் தோன்றுவதும் பழுப்புக் கீச்சான். அதன் வளைந்த அலகு வெட்டுக்கிளிக்குப் பகை.

வயலிலும் குளத்திலும்

பிழை மிகுதியாக நேர்வது இங்கேதான். குளத்தில் நீந்தும் கருநிற நாமக்கோழியையும், கரையிலும் வயலிலும் நடக்கும் நீலத் தாழைக்கோழியையும் ஒன்றாகவே எண்ணுவோர் பலர். நாமக்கோழியின் உடல் கறுப்பு. அலகும் நெற்றியும் நாமமிட்டாற்போல் வெள்ளை. பெரும்பகுதி நேரம் நீரிலேயே இருக்கும். தாழைக்கோழி ஊதா கலந்த நீலம். அலகும் நெற்றியும் சிவப்பு. கால்கள் நீண்டு சிவந்திருக்கும். நெற்பயிரின் தண்டை அறுத்தும் மிதித்தும் சேதம் விளைப்பது பின்னதே. அது வெளிநாட்டு விருந்தாளியன்று, ஆண்டு முழுவதும் இங்குள்ள சம்பை, நாணற் புதர்களில் வாழ்வது. குளத்தில் கூட்டமாக மிதக்கும் நாமக்கோழிகளை விரட்டுவதனால் வயலிலுள்ள சேதம் குறையாது. குளக்கரையை ஒட்டிய வயலில் புதருக்கும் பயிருக்கும் இடையே உள்ள வரப்பைச் சுத்தமாக வைத்துக் காவலிடுவதே தக்க வழி.

வாத்துகளைப் பொறுத்தவரையில் முழு நிரபராதிகள் என்று கூறுவதற்கில்லை. கூர்மையான நீண்ட வாலும் வெண்கழுத்தும் உடைய ஊசிவால் வாத்தும், ஆணுக்குக் கண்மேல் வெள்ளைப் புருவம் அமைந்த நீலச்சிறகியும் வடக்கிலிருந்து வருவன. பறக்கும்போது சீழ்க்கை ஒலி எழுப்பும் செம்பழுப்பு நிறச் சிறகி உள்ளூரது. மூன்றும் பகலில் குளத்தில் ஓய்ந்திருந்து, இரவில் வயலில் இறங்கி விதையும் சிந்திய நெல்லும் தின்னும். நேர்விதைப்பு செய்த வயலிலும் கதிர் சாய்ந்த வயலிலும் இவற்றால் நஷ்டம் உண்டாகலாம். அறுவடைக்குப்பின் தாளடியில் மேய்வதனால் நஷ்டமில்லை. ஆகவே இராக்காவல் வேண்டும் காலம் விதைப்பை அடுத்த சில நாட்களும், கதிர் முற்றும் தருணமுமே.

பால் பிடிக்கும் கதிரை உறிஞ்சுவன சிட்டுக்குருவி அளவுக்குட்பட்ட தடித்த அலகுள்ள சில்லைகளும் தூக்கணாங்குருவிகளும். இவையும் உள்ளூரினவே. பளபளக்கும் நாடாவை வயலின் குறுக்கே முறுக்கிக் கட்டுதலும், காலை மாலைகளில் தகரம் தட்டுதலும் இவற்றை அகற்றப் போதும்.

இவற்றிற்கு மாறாக, சிவந்த நெடுங்காலால் சேற்றில் நடக்கும் பவளக்காலி, புள்ளியிட்ட முதுகுடைய பொரி உள்ளான், வளைந்த அலகுள்ள அரிவாள் மூக்கன், மஞ்சள் வாலாட்டி ஆகியவை நெல்லைத் தொடுவதில்லை. உழவின்போது இவை கூட்டமாக இறங்குவது புழுக்களுக்காகவே. நத்தைகுத்தி நாரை வயலில் நத்தையைத் தேடி உண்பது. பயிருக்குச் சிறிது மேலே தாழப் பறந்து வட்டமிடும் பூனைப்பருந்தைக் கோழிக்குஞ்சு திருடும் பருந்தென்று எண்ணுதல் கூடாது. அது குளிர்காலத்தில் வந்து வயலெலியையும் தவளையையும் பிடிப்பது. கூகையை அபசகுனமென்று கல்லெறிவோர் தம் களஞ்சியத்து எலிகளுக்கு உதவி செய்கின்றனர்.

மார்த்தாண்டம் பக்கத்தில் தேனீ வளர்ப்போர்க்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. குளங்களின் மேல் பறந்து திரியும் நீலவால் பஞ்சுருட்டான் தேனீயையும் பிடிக்கும். பெட்டிகளை மின்கம்பி, பட்டமரம் முதலிய இருக்கைகளுக்கு அப்பால் அடர்ந்த மரநிழலில் வைத்தால் நஷ்டம் குறையும்.

நண்பர்களை வரவழைத்தல்

நடவுக்குப்பின், குறுக்குக் கொம்பு கட்டிய கழிகளை ஹெக்டேருக்கு 40 முதல் 50 வரையில் பயிருக்குச் சற்று உயரமாக நட்டுவைத்தால், கரிச்சானும் பனங்காடையும் அவற்றில் அமர்ந்து அந்துப்பூச்சிகளையும் புழுக்களையும் பிடித்துத் தின்னும். கதிர் பால் பிடிக்குமுன் இக்கழிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இன்றேல் தானியம் தின்னும் குருவிகளுக்கே அவை இருக்கையாகும். கார்போபியூரான் போன்ற குருணை மருந்து பறவைகளுக்குக் கொடிய விஷம். சிறு குருவியைக் கொல்ல ஒரு குருணையே போதுமானது. விதையென்று எண்ணி அதனைக் கொத்தும் பறவை மடியும். அதை உண்ணும் பருந்தும் மடியும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

பயிர்ச்சேதம் பற்றி எழுதும்போது ‘பறவைகளால் நஷ்டம்’ என்று பொதுவாகக் குறிப்பதனால் பயனில்லை. எந்தப் பறவை, பயிரின் எந்தப் பருவத்தில், பகலிலா இரவிலா, தண்டிலா கதிரிலா என்று குறித்தால்தான் தக்க பரிகாரம் கூற முடியும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப் பறவைகளைப் பிடித்தலும் கொல்லுதலும் விற்றலும் குற்றமாகும். குளக்கரையில் வலை கட்டுவோரைக் கண்டால் வனத்துறைக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

இறந்து கிடக்கும் பறவையின் காலில் உலோக வளையம் இருப்பின் அதனை அலட்சியமாக எறிந்துவிடலாகாது. 1883ஆம் ஆண்டில் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பறவைகளின் பயணத்தை அறியும்பொருட்டு அத்தகைய வளையங்களை இட்டு வருகிறது. வளையத்தின் எண், கண்ட இடம், தேதி ஆகியவற்றை எழுதி வனத்துறை மூலம் அனுப்பினால், நமது குளத்திற்கு வந்த பறவை எங்கிருந்து வந்ததென்பது புலனாகும். பல பறவைகள் ஒருங்கே இறந்து கிடந்தால் கையால் தொடாமல், கால்நடை மருத்துவருக்குச் செய்தி அனுப்ப வேண்டும்.

2015ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிய நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, புதிதாக வந்த பறவை, வந்த நாள், தின்ற இரை, திரும்பிய நாள் ஆகியவற்றை எழுதி வருவாராயின், இரண்டு மூன்று கும்பப்பூக்களுக்குள் அக்கிராமத்தாருக்குத் தம் வயலின் நண்பர் யார், பகைவர் யார் என்பது ஐயமறத் தெளிவாகும். பயிர் நிலம் சுருங்கி வீட்டுமனைகள் பெருகிவரும் இக்காலத்தில், எஞ்சிய ஏலாக்களுக்கு ஊதியமின்றி உழைக்கும் பறவைகளை அறியாமையால் இழந்துவிடாமல் காத்துக்கொள்ளுதல் நிலமுடையோர் கடமையாகும்.