சுருளும் பாலமும் விதைப் பேராலயமும்

பல்துறை வடிவமைப்பாளர் எனப்படுபவர், நாற்காலிக்கும் பேருந்துக்கும் பாலத்துக்கும் மாடிக் கட்டடத்துக்கும் ஒரே பட்டறையில் உருவம் கொடுப்பவர். இவ்வகையினருள் இன்று பெரிதும் பேசப்படும் தாமஸ் ஹெதர்விக் 1970-இல் லண்டனில் பிறந்து, மான்செஸ்டரிலும் பின்னர் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டிலும் வடிவமைப்புப் பயின்று, 1994-இல் தம் பட்டறையைத் தொடங்கினார். இவருடைய தாயார் மணி கோத்து நகை வடிவமைத்தவர். சிறியதொன்றைப் பலமுறை அடுக்கிப் பெரியதொன்றை எழுப்பும் முறை மகனுடைய படைப்புகளில் திரும்பத் திரும்ப வருவதற்கு அந்த வீட்டுச் சூழலும் ஒரு காரணமாக இருக்கலாம்.

லண்டன் பேடிங்டன் நீர்த்துறையில் 2004-இல் இவர் அமைத்த பாலம் இம்முறைக்கு நல்ல சான்று. ஏறத்தாழ 12 மீட்டர் நீளமுள்ள அது, எட்டுத் துண்டுகள் கீல்களால் கோக்கப்பட்ட சாதாரண நடைபாலமாகவே கண்ணுக்குப் படும். படகுக்கு வழிவிட வேண்டியபோது, கைப்பிடிகளுக்குள் பொருத்தப்பட்ட நீரியல் உந்துதண்டுகள், அதாவது குழாய்க்குள் அடைத்த திரவத்தின் அழுத்தத்தால் நீளும் தண்டுகள், ஒவ்வொரு கீலையும் மடக்க, பாலம் மெல்ல எழுந்து சுருண்டு, இரு முனையும் ஒட்டி, கரையில் ஓர் எண்கோணமாக நிற்கும்படி அமைக்கப்பட்டது.

2010-இல் ஷாங்காய் உலகக் கண்காட்சிக்கென எழுப்பிய பிரிட்டன் அரங்கம்தான் இவரை உலகறியச் செய்தது. விதைப் பேராலயம் என்று பெயர் பெற்ற அதன் சுவர்களைத் துளைத்து, 7.5 மீட்டர் நீளமுள்ள 60,000 அக்ரிலிக் தண்டுகள் முள்ளம்பன்றியின் முட்களைப் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் உள்முனையிலும் விதைகள் பதிக்கப்பட்டிருந்தன. பகலொளி தண்டின் வழியே ஓடி உள்ளே வந்து விதைகளைச் சுடரச் செய்ய, காற்றடித்தபோது வெளிமுனைகள் பயிர்போல் அசைந்தன. கட்டடம் என்ற சொல்லின் பொருளையே விரித்த படைப்பு அது. 2012 லண்டன் ஒலிம்பிக் தீக்கொப்பரையும் இதே வழியில், 204 செப்பு இதழ்கள் எழுந்து குவிந்து ஒரே சுடராகும்படி அமைந்தது. போட்டிகள் முடிந்ததும் இதழ்கள் அந்தந்த நாட்டு அணிகளுக்கே வழங்கப்பட்டன. கேப் டவுனில் பழைய தானியக் களஞ்சியத்தின் கான்கிரீட் குழாய்களைக் குடைந்து இவர் உருவாக்கிய கலைக்கூடம் 2017-இல் திறக்கப்பட்டது.

ஆயினும் சிறியதை அடுக்கிப் பெரியதை எழுப்பும் இந்த முறை எல்லா இடத்திலும் வெற்றி தந்துவிடவில்லை. நியூயார்க்கில் 2019-இல் திறக்கப்பட்ட வெஸ்ஸல், 154 படிக்கட்டு வரிசைகளை ஒன்றோடொன்று பின்னி எழுப்பிய, ஏறிச் சுற்றுவதற்கென்றே அமைந்த உயர்ந்த கூடு. அதன் கைப்பிடிச் சுவர்கள் போதிய உயரமில்லை என்ற எச்சரிக்கை திறப்புக்கு முன்பே எழுந்தும், அவை உயர்த்தப்படவில்லை. உயிரிழப்புகள் நேர்ந்த பின் 2021-இல் அது மூடப்பட்டது. படியின் அழகுக்குச் செலவான சிந்தனையில் ஒரு பங்கு அதன் விளிம்புக்கும் சென்றிருக்க வேண்டும். 2024-இல் எஃகு வலை பொருத்தப்பட்டு அது மீண்டும் திறக்கப்பட்டபோது, மேல்தளம் மட்டும் மூடியே வைக்கப்பட்டது.