கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முற்கூட்டி அறிதல்: ஆய்வுகூடங்களின் மாறிவரும் நெறி

நோய்களுள் ஒருசிலவே மனிதருக்கு நீண்ட தவணை கொடுப்பன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் அத்தகையது. அதற்குக் காரணமான வைரசு உடலிற் புகுந்த காலந்தொட்டுப் புற்று உருவாகும் வரை, பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் செல்கின்றன. இடையில் ஓரிரு முறை செம்மையாகச் சோதித்தால் நோயை முளையிலேயே களைந்துவிடலாம். எனினும், சோதனை என்பது மாதிரி எடுப்பதோடு முடிவதன்று. அம்மாதிரி பழுதின்றி ஆய்வுகூடஞ் சேர்ந்து, முடிவு மீண்டும் அப்பெண்ணின் கைக்கு வரும்வரை நீள்வது. மன்னார்த் தீவு போன்ற சேய்மைக் கரைகளில் இவ்வழி நெடியது. ஆய்வுகூடங்கள் தம் முறையை மாற்றிவருவது இவ்வழியை எவ்வாறு குறுக்கும் என்பதை ஈண்டு நோக்குவாம்.

கிரேக்க நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஜோர்ஜ் பாப்பனிக்கொலாவு என்பார், ஹேபேட் டிரவுற் என்னும் மருத்துவருடன் 1941 இல் வெளியிட்ட ஆய்வே பழைய முறைக்கு அடிப்படை. அவர் பெயராலேயே அது பாப் பரிசோதனை எனப்படுகின்றது. கருப்பைக் கழுத்தினின்றும் மெல்லச் சுரண்டிய கலங்களைக் கண்ணாடித் தகட்டிற் பூசி, உடனே 95 வீத மதுசாரத்தில் அமிழ்த்துவர். பின்னர் அவற்றுக்குச் சாயமூட்டி, பயிற்சி பெற்றவர் நுணுக்குக்காட்டியினூடாக ஒவ்வொரு கலமாக நோக்குவார். கலத்தின் கரு பருத்திருக்கின்றதா, அதன் விளிம்பு கோணியிருக்கின்றதா என்பனவே வினாக்கள்.

‘உடனே’ என்ற சொல்லை வாசகர் கவனிப்பாராக. பூசிய கலங்கள் மதுசாரத்தைக் காணுமுன் காற்றில் உலர்ந்தால், கருக்கள் வீங்கி வெளிறிவிடும். நலமான கலமும் நோயுற்றது போலத் தோன்றும். நோயுற்றது கண்ணுக்குத் தப்பும். மின்விசிறியின் கீழ்த் தகட்டைப் பூசலாகாது என்பது இதனாலேயே. மன்னார்த் தீவின் தென்கரையிற் காற்றாலைகளைச் சுழற்றும் சோளகம், திறந்த யன்னலூடாக வந்தால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அன்றியும், மரபுமுறைத் தகடொன்றில் நன்கு தெரியும் கலங்கள் குறைந்தது 8,000 முதல் 12,000 வரை இருத்தல் வேண்டும். இன்றேல் ‘போதாது’ என்று திரும்பும்.

இலங்கையில் 1996 இல் மகளிர் நலச் சிகிச்சை நிலையங்கள் தொடங்கப்பட்டன. 35 வயதினரை முதன்மையாக நோக்கிய பாப் பரிசோதனை, பின்னர் 45 வயதினருக்கும் விரிந்தது. என் மனைவியின் தமக்கையார் தீவின் கரையூர் ஒன்றில் வாழ்பவர். பத்து ஆண்டுகளுக்கு முன் கூச்சத்தை விடுத்து ஒருநாள் சென்றார். பல வாரங்களின் பின் ‘போதாது’ என்ற மறுமொழி வந்தது. மீண்டும் செல்லவில்லை. “ஒருக்கால் போனதே பெரிசு” என்றார். தவறு அவருடையதன்று, தகட்டைப் பூசிய தாதியினுடையதென்றும் சொல்லேன். அம்முறையே அத்துணை நுட்பமானது.

ஜேர்மனிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் மனிதப் பப்பிலோமா வைரசின் 16 ஆம் வகையை 1983 இலும், 18 ஆம் வகையை 1984 இலும் இப்புற்றிற் கண்டறிந்தார். இந்நோயின் ஏறத்தாழ 70 வீதத்துக்கு இவ்விரண்டுமே காரணம். 2008 இல் அவர் நோபல் பரிசு பெற்றார். காரணம் வெளிப்பட்டதும், கலத்தின் உருவை நோக்குவதினும் வைரசின் டி.என்.ஏ.யைத் தேடுதல் நன்றென்ற கருத்து வலுத்தது. மகாராட்டிரத்தின் ஒஸ்மனாபாத் மாவட்டத்தில் 131,746 பெண்களிடையே நிகழ்த்திய ஆய்வு 2009 இல் வெளிவந்தது. ஒரே ஒருமுறை வைரசுச் சோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவினரில் இந்நோயால் இறந்தோர் தொகை, சோதனைக்கு அழைக்கப்படாத பிரிவினரின் தொகையில் ஏறத்தாழப் பாதியாயிற்று. பாப் பரிசோதனைப் பிரிவில் அத்தகு தெளிவான குறைவு காணப்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வைரசுச் சோதனையையே முதற் சோதனையாகப் பரிந்துரைத்தது. இலங்கையிலும் களுத்துறை மாவட்டத்தில் இது சோதித்துப் பார்க்கப்பட்டது.

இதனால் ஆய்வுகூடத்தின் வேலை ஒழுங்கு தலைகீழாகின்றது. முன்னர் எல்லாத் தகடுகளையும் கண் பார்த்தது. இனி எல்லா மாதிரிகளையும் இயந்திரம் பார்க்க, வைரசு உள்ளவற்றை மட்டுமே கண் பார்க்கும் ஒழுங்கு பல நாடுகளில் வந்துள்ளது. தகடுகள் குறையும், ஆனால் எஞ்சுபவை ஒவ்வொன்றும் ஐயத்துக்குரியவை. நாளொன்றுக்குச் சில தகடுகளையே காண்பவர் கண் கூர்மை மழுங்காதோ என்ற கவலை நியாயமானதே. 2017 இல் ஆறாம் வகுப்பு மாணவியருக்குத் தடுப்பூசி தொடங்கியமையால், அவர்கள் வளருங்கால் பழுதுற்ற கலங்கள் மேலும் அரிதாகும்.

எவ்வியந்திரம் என்பதும் சிறு வினாவன்று. பெரிய கருவியொன்று ஒரே ஓட்டத்தில் 94 மாதிரிகளைச் சோதிக்கும். ஆயின் அத்தனை சேரும்வரை காத்திருத்தல் வேண்டும், அல்லது கொழும்பு போன்ற நகருக்கு அனுப்புதல் வேண்டும். காசநோய்ச் சோதனைக்கும் பயன்படும் சிறு கருவியோ, ஒவ்வொரு மாதிரியையும் தனித்து ஏறத்தாழ ஒருமணி நேரத்தில் முடிக்கும், செலவு மிகும். மன்னாருக்கு இரண்டாவதே பொருந்தும் என்பது என் கருத்து. காலையில் வந்தவர் மாலைப் பேருந்துக்குமுன் முடிவறியலாம். திரவக் குப்பியில் இட்ட மாதிரி காற்றுக்கு அஞ்சாது. பெண் தானே தனிமையில் எடுக்கவும் கூடும். வெப்பத்துக்கோ அஞ்சும், அக்குப்பிகளை வழக்கமாக 30 பாகை செல்சியசுக்கு மேற்படாது காத்தல் வேண்டும். எமது நண்பகல் அதனைப் பலகாலும் தாண்டும்.

வைரசு இருப்பது புற்று இருப்பதாகாது; பெரும்பாலோர் உடலில் அது தானே நீங்கும். இதனைத் தமிழில், தனிமையில், பொறுமையுடன் சொல்ல ஒருவர் வேண்டும். இயந்திரத்தின் விலைப்பட்டியலில் அவர் இடம்பெறார்.

தமக்கையாருக்கு இவ்வாண்டு 45 வயது. இரண்டாம் அழைப்புக்குரிய வயது அது. இம்முறை நான் கூடவே செல்வதாகச் சொல்லியிருக்கின்றேன்.