சட்டசபையில் ஒரு மருத்துவர்

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து இறங்கிய ஜான் க்வின்ஸி ஆடம்ஸ், 1831 முதல் பிரதிநிதி சபையில் சாதாரண அங்கத்தினராக அமர்ந்து, அடிமை முறைக்கு எதிரான விண்ணப்பங்களை ஓயாமல் கொண்டு வந்தார். அவற்றைப் பேசவே கூடாதென்று 1836-ல் விதித்த தடையை 1844-ல் நீக்கச் செய்தார். அத்தகைய உறுதி படைத்த ஒருவரை நமது சென்னைச் சட்டசபையும் கண்டது. அவரே டாக்டர் ஸ்ரீமதி முத்துலக்ஷ்மி ரெட்டி.

சிறு பெண்களுக்குக் கோயிலில் பொட்டுக் கட்டி வாழ்நாள் முழுவதும் பிணைத்துவிடும் வழக்கம் அம்மையாருக்கு அயலார் துயரமன்று. அவருடைய தாயார் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்தில் தோன்றியவர். 1927-ல் சபையின் உபதலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அம்மையார், அவ்வாண்டிலேயே இவ்வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டு வந்தார். கலைக்கும் சமயத்துக்கும் கேடு வருமென்றனர் எதிர்த்தவர்கள்.

அம்மையார் வேரை நாடினார். தாசிகளின் மானிய நிலம் கோயில் ஊழியத்தோடு கட்டுண்டிருந்தது. ஊழியத்தை விட்டால் நிலமும் போகும். 1929-ம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அந்த முடிச்சை அவிழ்த்தது. நிலம் பெண்களிடமே நின்றது. ஊழியக் கட்டாயம் நீங்கியது.

1930-ல் மகாத்மா காந்தி சிறைப்பட்டதும் அம்மையார் பதவியைத் துறந்தார். பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் சட்டம் 1947-ல்தான் நிறைவேறியது. அதுவரை அவர் வாளாவிருக்கவில்லை. கட்டு நீங்கிய பெண் எங்கே போவாள் என்ற கேள்விக்கு விடையாக ஔவை இல்லத்தை நிறுவினார். அடையாற்றில் அது இன்றும் பெண் குழந்தைகளை வளர்த்துக் கல்வி புகட்டி வருகிறது. அவ்வழியே செல்லும் நேயர்கள் தம் வீட்டுப் பெண்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டுமென்பது நமது விருப்பம்.