ஒப்புதல் தந்தவர் யார்?



நெய்வேலியில் வாழ்வோருக்கு நிலக்கரி என்பது கண்முன் நிற்கும் காட்சி. நகரியத்தின் வட்டங்களைக் கடந்து சற்றே வெளியே சென்றால், அகழ்ந்து குவித்த மண் மேடுகள் தென்படும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956இல் மத்திய அரசின் நிறுவனம் தோன்றியது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். இவை நீங்கள் அறிந்த செய்திகளே.

அண்மையில் கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு வினாவை எழுப்பினார்: "ஐயா, கரி கிடப்பது தமிழ்நாட்டு மண்ணில், அதை எடுப்பதோ மத்திய அரசின் நிறுவனம். ராயல்டி எனும் உரிமைத்தொகையைப் பெறுவது மாநிலம். அதன் அளவை நிர்ணயிப்பதோ டில்லி. இந்த ஏற்பாட்டிற்கு நம் மாநிலம் எப்போது ஒப்புதல் தந்தது?"

சிறிய வினாதான், ஆயினும் அதற்கு விடை கூற நம் அரசியல் சட்டத்தின் பிறப்பையே நோக்க வேண்டும்.

முதலில் அமெரிக்காவைப் பார்ப்போம். 1787இல் பிலடெல்பியா நகரில் அந்நாட்டின் அரசியல் சட்டம் வரையப்பட்டது. பதின்மூன்று மாநிலங்களில் ஒன்பது மாநிலங்களேனும் ஏற்றால்தான் அது நடைமுறைக்கு வரும் என்பது விதி. ஒவ்வொரு மாநிலத்திலும் மாநாடு கூடிற்று. கடும் வாதம் நிகழ்ந்தது. 1788 ஜூனில் ஒன்பதாவது மாநிலம் ஏற்றது. ரோட் தீவு 1790 வரை இணங்கவில்லை. மைய அரசு தம்மை விழுங்கிவிடுமோ என்று அஞ்சியவர்களின் குரலுக்குச் செவிசாய்த்து, 1791இல் பத்துத் திருத்தங்கள் சேர்க்கப்பட்டன. மைய அரசுக்கு அளிக்கப்படாதனவும் மாநிலங்களுக்கு விலக்கப்படாதனவுமாகிய அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியன என்பது அவற்றுள் பத்தாவது.

நம் நாட்டில் அவ்வாறு நிகழவில்லை. 1946இல் பெரும்பாலும் மாகாணச் சட்டசபைகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைக் கொண்டு அரசியல் நிர்ணய சபை அமைந்தது. அச்சபை 1949 நவம்பர் 26 அன்று அரசியல் சட்டத்தை ஏற்றது. மைசூர், ஹைதராபாத் முதலிய சமஸ்தானங்களின் மன்னர்கள் அம்மாதத்திலேயே அதனை ஏற்றுப் பிரகடனம் வெளியிட்டனர். ஆனால் சென்னை முதலிய மாகாணங்களின் சட்டசபைகளிடம் தனித்தனியே ஒப்புதல் கோரப்படவில்லை. இந்தியக் கூட்டாட்சி மாநிலங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையால் விளைந்ததன்று. ஆதலின் பிரிந்து செல்லும் உரிமையும் எவற்றுக்கும் இல்லை என 1948 நவம்பரில் அம்பேத்கர் விளக்கினார். பிரிவினையின் இரத்தம் உலராத காலம் அது. வலிமையான மையம் வேண்டும் என்று பலர் கருதியதில் வியப்பில்லை. எனினும் சென்னையிலிருந்து சென்ற கே. சந்தானம், எல்லாப் பொறுப்பையும் மையத்தின்மீது சுமத்துவதால் அது வலிமை பெற்றுவிடாது என்று எச்சரித்தார்.

அப்படியாயின் மாநிலங்களின் ஒப்புதலுக்கு இடமே இல்லையா? உண்டு. 368ஆம் ஷரத்தைப் பாருங்கள். அதிகாரப் பட்டியல்களையோ, நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தையோ மாற்ற விரும்பினால், நாடாளுமன்றத்தின் தனிப் பெரும்பான்மை மட்டும் போதாது. பாதிக்குக் குறையாத மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். பிறப்பின்போது கேட்கப்படாத ஒப்புதல், வளர்ச்சியின்போது கேட்கப்படுகிறது. ஆனால் எந்த ஒரு மாநிலமும் தனித்து நின்று தடுத்துவிட முடியாது.

இக்காவல் எவ்வளவு உறுதியானது? வாழ்நாளைப் பள்ளியில் கழித்தவன் ஆகையால், கல்வியையே சான்றாகக் காட்டுகிறேன். தொடக்கத்தில் கல்வி பெரும்பாலும் மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976இல் 42ஆம் திருத்தம் அதனைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. நாடெங்கும் ஒரே தரம் வேண்டும் என்பார் கூற்றில் நியாயம் உண்டு. மொழியும் சூழலும் அறிந்தவரே பாடம் வகுக்க வேண்டும் என்பார் கூற்றிலும் நியாயம் உண்டு. என் மனத்தை உறுத்துவது வேறொன்று. 1976 ஜனவரி 31 அன்றே தமிழ்நாட்டு ஆட்சி நீக்கப்பட்டு, சட்டமன்றம் கலைக்கப்பட்டுவிட்டது. அடுத்த தேர்தல் 1977 ஜூனில்தான் நடந்தது. ஆகவே அத்திருத்தம் மாநிலங்களின் முன் வைக்கப்பட்டபோது, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லத் தமிழ்நாட்டிற்குச் சட்டமன்றமே இல்லை. ஷரத்து அப்படியே இருந்தது. அதைப் பயன்படுத்தும் வாய்தான் இல்லை.

இனி நெய்வேலிக்குத் திரும்புவோம். மாநிலப் பட்டியலின் 23ஆம் பதிவு சுரங்கங்களை மாநிலத்திற்கு அளிக்கிறது. ஆனால் மத்தியப் பட்டியலுக்கு உட்பட்டே அளிக்கிறது. மத்தியப் பட்டியலின் 54ஆம் பதிவோ, பொதுநலன் கருதி நாடாளுமன்றம் அறிவிக்கும் அளவிற்குச் சுரங்கங்களை மையத்திற்கு உரியனவாக்குகிறது. 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டம் அவ்வாறு அறிவித்தது. மாணவரின் வினாவுக்கு விடை இதுவே: இந்த ஏற்பாட்டிற்கு நம் மாநிலச் சட்டமன்றம் தனியே ஒப்புதல் தந்ததில்லை, அரசியல் சட்டத்தின் இரண்டு பதிவுகள் இதற்கு வழி வகுத்தன.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. கனிம உரிமைகள்மீது வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலப் பட்டியலின் 50ஆம் பதிவு மாநிலங்களுக்குத் தந்துள்ளது. தமிழ்நாடு உரிமைத்தொகையின்மீது மேல்வரி விதித்தபோது, சிமெண்டு நிறுவனம் ஒன்று வழக்குத் தொடுத்தது. உரிமைத்தொகையே ஒரு வரி. அதன்மேல் மாநிலம் மேல்வரி விதித்தல் ஆகாது என 1989இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2024 ஜூலை 25 அன்று, ஒன்பது நீதிபதிகளில் எண்மர் அக்கருத்தை மாற்றினர்: உரிமைத்தொகை வரியன்று, கனிம உரிமைகள்மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு. அவ்வாண்டு டிசம்பரிலேயே தமிழ்நாடு சட்டமன்றம் கனிம நிலங்களுக்கு வரி விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இவ்விடைக்காலத்தில் பட்டியலின் சொற்கள் மாறவில்லை. அவற்றைப் படித்த முறையே மாறியது.

மாணவர்களே! மாநில உரிமை என்பது முன்னோர் ஒருநாள் கையொப்பமிட்டு முடித்துவைத்த காரியமன்று. அது பட்டியலின் ஒவ்வொரு பதிவிலும், ஒவ்வொரு திருத்தத்திலும், சட்டமன்றத்தின் ஒவ்வொரு வாக்கிலும் மீண்டும் மீண்டும் பேணப்பட வேண்டியது. மையத்தின் பக்கம் நிற்க விரும்பினாலும், மாநிலத்தின் பக்கம் நிற்க விரும்பினாலும், முதலில் ஏழாம் அட்டவணையை எடுத்து ஒருமுறை முழுதும் படியுங்கள். அடுத்த திருத்தம் வரும்போது, ஒப்புதல் தந்தவர் யார் என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால், அறிந்தே தந்தோம் என்றோ அறிந்தே மறுத்தோம் என்றோ நீங்கள் விடை கூறல் வேண்டும்.